டிக்கிக்குள் படுத்தபடி ஒரு மழை

“தம்பி, வருதா?”

“இன்னும் இல்லண்ணே!”

மல்லாக்கப் படுத்திருக்கிறேன். பின்சீட்டை மடக்கிவிட்டு, காலை முன்சீட்டு இரண்டுக்கும் நடுவே நீட்டி, தலையை டிக்கியின் கடைசி ஓரத்தில் வைத்திருக்கிறேன். ஒரு கையில் டார்ச், மறு கையில் சாக்பீஸ். மூக்குக்கு ஒன்றரைச் சாண் மேலே சாய்ந்த பின்கண்ணாடி. அதன்மேல் ஹோஸ் தண்ணீர் வழிந்து ஓடுவதை அடியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. இந்த ஒரு காருக்கு மட்டும் ஐப்பசி அடைமழை! இந்த இடத்திலிருந்து மழையை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

“மூணு நிமிஷம் ஆச்சு. இப்ப?”

“காஞ்சு கெடக்குண்ணே.”

“சரி. ஒரு சாண் மேல ஏத்துறேன். கண்ணை எடுத்துடாத.”

கண்ணை எடுப்பேனா! மாதக்கணக்காக ஒரு வீட்டையே அலைக்கழித்த சொட்டு எந்த வழியாக உள்ளே வருகிறது என்று இன்றைக்குத் தெரிந்துவிடப் போகிறது.

ஊர் திருவெண்ணெய்நல்லூர். விழுப்புரம் மாவட்டம், பெண்ணையாற்றுத் தென்கரை. கிழவர் வடிவில் வந்த இறைவன் ஓலை காட்டிச் சுந்தரரை ஆட்கொண்ட ஊர். கம்பரைத் தாங்கிய சடையப்ப வள்ளலின் ஊர். மெய்கண்டார் இருந்து சிவஞானபோதம் அருளிய ஊர். இங்கே என் மாமா வீட்டுக் கொல்லையில் ஒரு மாட்டுக்கொட்டகை. மாடு கட்டி வருஷக்கணக்காகிறது. இப்போது அங்கே நிற்பது ஒரு கார். என்ன கார் தெரியுமா?

முதன்முறை பார்ப்பவர்கள் ஏதோ வெளிநாட்டு ரேஸ் கார் என்றுதான் சொல்வார்கள். நீண்ட மூக்கு, தாழ்ந்த நெற்றி, கூரையிலிருந்து வால்வரை ஒரே சரிவு. ஆனால் இது பிறந்தது நம்முடைய ஜி.எஸ்.டி. சாலையில்! சென்னைக்கு இந்தப் பக்கம், பெருங்களத்தூரில், ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1985 முதல் 1988 வரை செய்த ஸ்டாண்டர்டு 2000. மாமாவுடையது 1986 மாடல். பள்ளிக்கூட வாத்தியார் சம்பளத்தில் அவர் இதைப் புதிதாக வாங்கவில்லை. பெட்ரோல் குடிக்கிறது என்று ஒரு டாக்டர் வந்த விலைக்குத் தள்ளிவிட்டதை 1994-ல் வாங்கினார்.

அதன் பூர்வீகத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. இங்கிலாந்தில் 1976-ல் ரோவர் எஸ்.டி.1 என்றொரு கார் வந்தது. வரைந்தவர் டேவிட் பேச். பெராரி டேடோனா என்ற இத்தாலிய ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்து மனசைப் பறிகொடுத்து, அந்த மூக்கையும் அந்தச் சரிவையும் ஐந்து பேர் உட்காரும் குடும்பக் காருக்குக் கொண்டுவந்தார். 3,528 சி.சி. வி-8 எஞ்சின். 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது. பிரிட்டிஷ் நெடுஞ்சாலைகளில் போலீஸ் ஓட்டிய கார். பந்தயத்துக்கும் போனது; 1984-ல் ஆண்டி ரௌஸ் இந்த வகைக் காரில்தான் பிரிட்டிஷ் சலூன் கார் பட்டத்தை ஜெயித்தார். அதே உடம்புதான் பெருங்களத்தூருக்கு வந்தது. எஞ்சின் மட்டும் நம்மிடம் இருந்த பழைய வான்கார்டு கார் வம்சத்து நான்கு சிலிண்டர், 1,991 சி.சி.

அந்த 1,991-ஐச் சொல்லும்போது மாமாவின் குரலே மாறிவிடும். ஏனென்றால் ஐம்பதுகளில் வந்த டிரையம்ப் டி.ஆர்.2 என்ற அசல் ஸ்போர்ட்ஸ் காருக்குள் ஓடியதும் இதே வான்கார்டு வம்சத்து எஞ்சின்தான், அதுவும் 1,991 சி.சி.தான். “உடம்பு டேடோனா வழி, இருதயம் டி.ஆர்.2 வழி. இதை வேற என்னான்னு சொல்லுவே?” என்பார். நான் ஸ்போர்ட்ஸ் கார் என்றே சொல்கிறேன். யார் மறுத்தாலும் வாதாடத் தயார்.

இந்தக் காரின் பெருமை எல்லாம் அதன் பின்கதவில் இருக்கிறது. அம்பாசடருக்கும் பத்மினிக்கும் டிக்கி என்றால் தனி மூடி. இதற்கோ கண்ணாடியோடு சேர்ந்து முதுகே எழும்பும்! மாமா மகள் கல்யாணத்துக்கு இரண்டு குத்துவிளக்கும் ஒரு முழு வாழைத்தாரும் படுக்கப்போட்டுக் கொண்டுவந்தார்கள். ஆனால் அவ்வளவு பெரிய வாய்க்கு அவ்வளவு பெரிய உதடு வேண்டுமே. சுற்றளவு நாலு மீட்டருக்கும் மேல். அத்தனை நீளமும் ஒரு விரல் தடிமன் ரப்பர் பீடிங்கை நம்பி நிற்கிறது. எந்த மூலையில் அது எழும்ப மறந்தாலும் மழை உள்ளே வந்துவிடும்.

வந்தது. 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறிய இரவு. திண்டிவனம் பக்கம் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து 1,68,000 கன அடி தண்ணீர் வந்து பெண்ணையாறு கரை மீறியது. அரசூரில் நெடுஞ்சாலையே ஆறாகிப் போக்குவரத்து நின்றது. அந்த நாட்களில் இந்தப் பக்கத்து மக்கள் இழந்ததற்கு முன்னால் ஒரு காரைப் பற்றிப் பேச நாக்கு எழவில்லை. மாமாவும் அப்போது பேசவில்லை. கொட்டகை மேட்டில் இருந்ததால் வெள்ளம் தொடவில்லை. பின்பக்கத் தகர ஷீட் இரண்டு பறந்துபோய், இரண்டு நாள் மழையும் நேராக டிக்கிமேல் இறங்கியிருந்தது. தை பிறந்து, ஊர் கொஞ்சம் மூச்சுவிட்ட பிறகுதான் டிக்கியைத் திறந்தார். ஸ்டெப்னி படுத்திருக்கும் குழியில் ஒரு குடம் தண்ணீர். கார்பெட்டில் காளான்.

காய வைத்தார். அடுத்த தூறலில் மறுபடி ஈரம். அதோடு வண்டி ஓடும்போது உள்ளே புகை வாடை. இந்த இரண்டாவது சேதிதான் என்னைக் கலவரப்படுத்தியது. முதுகு சரிந்த கார் வேகமாகப் போகும்போது பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. சைலன்சர் விடும் புகை அங்கேயே சுழன்று, இடுக்கு கிடைத்தால் உள்ளே இழுக்கப்படுகிறது. அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தண்ணீர் நுழைகிற இடத்தில் அதுவும் நுழையும். டிக்கி ஒழுகினால் கார்பெட் போச்சே என்று மட்டும் யாரும் இருந்துவிடாதீர்கள்; சரிசெய்யும்வரை அந்த வண்டியில் குழந்தைகளைப் பின்சீட்டில் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

சாலையோரத்து ஷெட் ஒன்றில் காட்டினார்கள். சொட்டு இடதுபக்கப் பின்விளக்கு ஓரத்தில் விழுகிறது என்று, அந்த விளக்கைச் சுற்றி சிலிக்கான் அப்பி, பழைய பீடிங்கை உருவிப் போட்டுவிட்டுக் கட்டைவிரல் தடிமனில் புதுசு ஒன்றை மாட்டி அனுப்பினார்கள். ஒழுகல் கூடியது!

அப்புறம்தான் அண்ணன் வந்தார். மாமாவிடம் எட்டாவது படித்தவர், இப்போது விழுப்புரத்தில் டிங்கரிங் வேலை. பேரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். காரைப் பார்த்ததும் பேசவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். டிக்கியைத் தூக்கினார், அதைத் தாங்க வேண்டிய ஷாக் இரண்டும் கேஸ் இறங்கிப் போயிருந்ததால் மூங்கில் கழி ஒன்றை முட்டுக் கொடுத்தார். விரலால் பீடிங்கை ஒரு சுற்றுத் தடவிக்கொண்டே வந்தார், நாடி பார்ப்பதுபோல. பிறகு கேட்ட முதல் கேள்வி என்னை அசத்திவிட்டது.

“சார், முன்னெல்லாம் வண்டிய மூஞ்சி வெளிய தெரியிற மாதிரி ரிவர்ஸ்ல தானே விடுவீங்க? அப்ப எந்தப் பக்கம் நனையும்?”

மாமா யோசித்தார். “அட, ஆமாண்டா! அப்ப ஒருவாட்டி வலது பக்கம் ஈரமா இருந்துச்சு!”

அண்ணன் கீழே காட்டினார். மாட்டுக்கொட்டகைத் தரை. கோமியம் வழிந்தோட ஒரு பக்கம் சரித்துப் போட்ட தரை! கார் எப்போதும் சாய்ந்தே நிற்கிறது. எந்தப் பக்கம் தாழ்வோ அந்தப் பக்கம் சொட்டுகிறது. அப்படியென்றால் தண்ணீர் நுழைவது விளக்கு ஓரத்தில் இல்லை. எங்கோ உயரத்தில், நடுவில் நுழைந்து, தாழ்ந்த பக்கம் நடந்துவந்து விளக்கோரத்தில் தலைகாட்டுகிறது.

“ஒழுகுற இடம் வேற, நுழையுற இடம் வேற தம்பி. ஓட்டு வீட்டுல பார்த்ததில்ல? ஓடு ஒடஞ்சது முகட்டுல இருக்கும், சட்டம் வழியா எறங்கி சாமி படத்து மேல சொட்டும்.”

இப்படித்தான் நான் டிக்கிக்குள் படுத்தேன்.

தண்ணீர்ச் சோதனைக்கு ஒரு முறை இருக்கிறது. அதை அவர் செய்யும் பொறுமை இருக்கிறதே! கீழிருந்து மேலே போகவேண்டும். மேலே ஊற்றிவிட்டால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்துவிடும். யார் குற்றவாளி என்று சொல்ல முடியாது. ஹோஸ் முனையை விரலால் அழுத்திப் பீய்ச்சவும் கூடாது. மழை பீய்ச்சாது, வழியும். முதலில் கீழ் உதட்டில் ஐந்து நிமிடம். அடுத்து விளக்குகள். அடுத்து இரண்டு பக்கவாட்டு. பிறகு கண்ணாடியின் விளிம்பு. கடைசியாகத்தான் கூரையோரம், கதவு தொங்குகிற கீல்கள். ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளே இருப்பவன் சாக்பீஸால் அடையாளம் போட வேண்டும். அது என் வேலை. வாழ்க்கையில் இத்தனை பெருமையோடு நான் ஒரு வேலையைச் செய்ததில்லை.

கீழ் உதடு: காய்ந்து கிடந்தது. விளக்குகள்: காய்ந்து கிடந்தன. இரண்டு விளக்கும்! பக்கவாட்டில் வலது மேல்மூலையில் ஒரு முத்து அரும்பி நின்றது. கத்தினேன். சாக்பீஸ் வட்டம். கண்ணாடி விளிம்பு: ஒன்றுமில்லை.

“இப்ப கீலுக்கு வரேன்.”

கண்ணாடிமேல் ஓடிய நிழல் நின்றது. கூரைத் தகட்டில் தண்ணீர் தட்டும் சத்தம், கால் பக்கத்திலிருந்து. ஒரு நிமிடம். இரண்டு. கூரைக்கு அடியில் ஒட்டியிருக்கும் துணியின் ஓரத்தில் டார்ச் அடித்துக்கொண்டே இருந்தேன். துணியின் நிறம் ஒரு இடத்தில் கருத்தது. அந்தக் கறுப்பு மெல்ல, எறும்புபோல, இடதுபக்கம் நகர ஆரம்பித்தது. தூண் மறைப்புக்குள் போய்க் காணாமல் போனது. நான் மூச்சுவிடவில்லை. அப்புறம், அந்தத் தூணின் அடியில், விளக்குக்கு நாலு விரல் மேலே, ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. கனத்தது. நீண்டது. டப்.

“வந்துடுச்சு! வந்துடுச்சுண்ணே!”

அண்ணன் ஹோஸைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். ஆனாலும் அவருக்குப் போதவில்லை. ஜாக்கியை எடுத்து இடது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் கொடுத்து, காரை வலதுபுறம் சாய்கிற அளவு ஏற்றினார். ஏற்றின வண்டிக்கடியில் யாரும் போகக்கூடாது என்று மாமாவுக்கு ஒரு அதட்டல். மறுபடி அதே கீலில் தண்ணீர். இந்த முறை ஈரம் வலதுபக்கம் நடந்தது! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரு சொட்டுத் தண்ணீரைப் பிடித்துக் கூண்டில் நிறுத்தி உண்மையைச் சொல்ல வைத்துவிட்டார் மனிதர்.

இரண்டாவது வாக்குமூலம் பீடிங்கிடம் வாங்க வேண்டியிருந்தது. அதற்கு அத்தையின் முகப்பவுடர் டப்பா. பீடிங் முழுக்கப் பவுடரைத் தடவி, கதவை ஒரு முறை சாத்தித் திறந்தார். ரப்பர் எங்கெல்லாம் கதவைத் தொட்டதோ அங்கெல்லாம் கதவின் உள்விளிம்பில் வெள்ளைக் கோடு. விபூதிப் பட்டைபோல அழகாக ஓடிவந்த கோடு வலது மேல்மூலைக்கு வந்ததும் அறுந்தது. இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் பெயிண்ட். சரியாக என் சாக்பீஸ் வட்டம் இருந்த இடம்!

காரணம் அந்தக் கட்டைவிரல் பீடிங். தடிமன் கூடினால் நன்றாக அடைக்கும் என்றுதானே தோன்றும்? நேர்மாறு. தடித்த ரப்பர் கீல் பக்கம் கதவை முட்டி உயர்த்திவிடுகிறது. உயர்ந்த கதவு மூலையில் எட்ட நிற்கிறது. பீடிங் என்பது அமுங்கவும் வேண்டும், அமுங்கினபின் மீளவும் வேண்டும். 1986-ல் மாட்டிய அசல் ரப்பர் வெயிலில் வெந்து மீளும் குணத்தை இழந்தது வயதின் குற்றம். அதற்கு மாற்றாக வந்தது அளவுக்கே பொருந்தாதது.

அளவுக்கு எங்கே போவது? கம்பெனி மூடி முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. இங்கே ஒரு வியப்பான சேதி: பெருங்களத்தூர் ஆலையில் மிஞ்சிக் கிடந்த உதிரிபாகங்களை இங்கிலாந்தின் ரிம்மர் பிரதர்ஸ் மொத்தமாக வாங்கிக்கொண்டது. நம் ஊர்த் தொழிலாளர்கள் அடித்த தகடுகள் அங்கே வெள்ளைக்காரர்களின் ரோவர்களை வாழவைத்தன! பெருங்களத்தூரில் பிறந்த காருக்கு ரப்பர் தேடும் நாங்களோ சீமையைப் பார்த்து நிற்கிறோம்.

அண்ணன் கீழ் உதட்டின் பிளாஸ்டிக் மறைப்பைக் கழற்றினார். துருப்பிடித்த திருகு ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் விட்டு, டீ குடித்துவிட்டு வந்து, திருப்புளியை மெல்லத் திருப்பி. மறைப்பு வந்தது. அடியில், அவசரக்காரர்கள் வெட்டி எடுக்காமல் விட்டுப்போன அசல் பீடிங்! நாலு விரல் நீளம். வெயில் படாத இடம். அமுக்கினால் அமுங்கி, விட்டால் எழுந்தது. முப்பத்தொன்பது வயதில்!

மாமா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கைகூப்பினார். எனக்குப் புரிந்துவிட்டது. இந்த ஊர்க் கதையே அதுதானே. கல்யாணப் பந்தலில் கிழவர் காட்டிய அடிமை ஓலையைச் சுந்தரர் பிடுங்கிக் கிழித்துப் போட்டார். கிழவர் கலங்கவில்லை. கிழிந்தது படி ஓலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்று திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் எடுத்து வைத்தார். பாட்டனார் கையெழுத்தை ஒத்துப்பார்த்தார்கள், வழக்கு முடிந்தது. எங்களுக்கும் மூல ஓலை கிடைத்துவிட்டது.

கையெழுத்தை ஒத்துப்பார்க்க வேண்டுமே, அதற்கு அண்ணன் செய்ததைச் சொல்கிறேன். புது பிளேடால் ரப்பரைக் குறுக்கே ஒரே இழுப்பில் வெட்டினார். வெட்டுமுகத்தை மாமாவின் ஸ்டாம்ப் பேடில் ஒற்றி, வெள்ளைத் தாளில் வைத்து அழுத்தி எடுத்தார். தாளில் ஊதா நிறத்தில் ஒரு எழுத்து! தலைகீழாக நிற்கும் ‘ப’, அதன் முதுகில் ஒரு பூஜ்யம். ‘ப’ வண்டியின் விளிம்புத் தகட்டைக் கவ்வும் பகுதி. பூஜ்யம் கதவு வந்து அமுக்கும் குழல். குழலின் உள்விட்டம், சுவரின் தடிமன், கவ்வும் இடைவெளி, எல்லாமே அந்த ஒரு முத்திரையில்.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மறுநாள் காலை பஸ்ஸில் சென்னைக்குப் போனேன். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஐந்தாவது கடையில் ஒரு பெரியவர் தாளைக் கண்ணுக்கருகே வைத்துப் பார்த்தார். உள்ளே போனார். ஆறு சுருள் எடுத்து வந்து ஒவ்வொன்றின் முனையையும் முத்திரைமேல் வைத்தார். நாலாவது சுருள் உட்கார்ந்தது, பூட்டில் சாவிபோல. வேறு ஏதோ காருக்கு வந்த பீடிங். ஐந்து மீட்டர், ஒட்டுப் போடாமல் ஒரே துண்டாக. பிரித்துப் பார்க்காமல் பஸ்ஸில் வர முடியவில்லை. ரப்பரில் சாண் இடைவெளியில் பொடிப்பொடித் துளைகள் தெரிந்ததும் பதறிப்போய் அண்ணனுக்கு போன் போட்டேன். சிரித்தார். அமுங்கும்போது குழலுக்குள்ளிருக்கும் காற்று வெளியேற வேண்டாமா? அதற்கான துளை அது. அடைக்கவே கூடாதாம்.

நான் திரும்புவதற்குள் கீல் இரண்டையும் கழற்றியிருந்தார்கள். கழற்றுமுன் சுற்றிலும் பென்சில் கோடு. திரும்ப அதே இடத்தில் உட்கார வேண்டும். கீலுக்கு அடியில் அந்தக் காலத்தில் வைத்த சீலன்ட் வெடித்து, காய்ந்த ஏரி மண்போல ஓடு ஓடாகக் கிடந்தது. அந்த வெடிப்பு வழியாகத்தான் தண்ணீர் போல்ட் துளைக்குள் இறங்கியிருக்கிறது. விளக்கைச் சுற்றி அப்பிய சிலிக்கானையும் உரித்தார்கள். உரித்த இடத்தில் பொரிப்பொரியாகத் துரு. மலிவு சிலிக்கான் டியூபைத் திறந்தால் புளித்த காடி வாடை வரும், கவனித்திருக்கிறீர்களா? அது அசிட்டிக் அமிலம். காயும்போது அதை வெளியே விடும்; வெறும் தகட்டில் பட்டால் துருவை அழைத்து வந்துவிடும். ஒழுகாத விளக்கை அடைக்கப் போய்த் தகட்டை அரித்துவிட்டது. பனியன் வேஸ்ட்டில் தின்னர் நனைத்துத் துடைத்து, எமரி போட்டு, ரெட் ஆக்சைடு பூசி, அந்த இடத்துக்கு மறுபடி மானம் கொடுத்தார்கள்.

கீலுக்கு அடியில் வைக்க கேஸ்கட்? லாரி டியூப்! அண்ணன் அதைக் கத்தரியால் கீலின் வடிவத்துக்கு வெட்டிய அழகைப் பார்க்க வேண்டும், அத்தை ரவிக்கைத் துணி வெட்டுவதுபோல. டியூப் ரப்பர் பியூட்டைல் வகை, காற்றையே எளிதில் விடாதது, தண்ணீரையா விடப்போகிறது? வெயில் அதற்கு ஆகாது, ஆனால் கீலுக்கு அடியில் வெயில் ஏது. அதன் இரு பக்கமும் பாலியூரித்தேன் சீலன்ட். இந்தச் சீலன்ட்டிடம் ஒரு விந்தை உண்டு: காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்துத்தான் அது கெட்டியாகும். தண்ணீரைத் தடுக்கப் பிறந்தது தண்ணீரால்தான் உறுதிப்படுகிறது!

அது காய ஒரு நாள். சாயங்காலம் கிருபாபுரீஸ்வரர் கோயிலுக்குப் போனோம். அருட்டுறை என்று தேவாரம் சொல்கிற கோயில். பிரகாரம் சுற்றும்போது அண்ணன் நின்று விமானத்தின் கொடுங்கையைக் காட்டினார். சுவரைத் தாண்டி வெளியே வளைந்து, நுனியில் கூராக முடியும் கல்.

“தண்ணிக்கு ஒரு புத்தி தம்பி. அது பரப்பை ஒட்டிக்கிட்டே அடிப்பக்கமும் வரப் பார்க்கும். நுனியக் கூரா முடிச்சா ஒட்ட முடியாம விழுந்துடும். செவுரு நனையாது. நம்ம வண்டி கூரை ஓரத்துல மடிச்சு விட்டிருக்கானே கட்டர், அதுவும் இதுதான்.”

எத்தனை முறை இந்தக் கோயிலுக்கு வந்திருக்கிறேன். கொடுங்கை அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். டேடோனாவின் சரிவிலிருந்து சிற்பியின் உளி வரைக்கும் எல்லாரும் மழையோடுதான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்!

மறுநாள் பீடிங் மாட்டினோம். இழுத்து மாட்டக்கூடாது, இழுத்த ரப்பர் நாளடைவில் சுருங்கி ஒட்டுவாயில் பல்லிளிக்கும். மூலைகளில் இன்னும் கொஞ்சம் உள்ளே திணித்துத் தளர்வாக விட வேண்டும். ஒட்டுவாய் கீழே நடுவில் வர வேண்டும், மேலேயோ மூலையிலோ அல்ல. கடைசித் துண்டை அரை விரல் கூடுதலாகவே வெட்டி, முட்டவைத்து அமுக்கினார். ரப்பர் சுத்தியலின் தட்டல், ஒரே தாளத்தில், காரைச் சுற்றி வந்தது. பூட்டுக் கொக்கியை ஒரு நூலளவு இறக்கினார். நாலு பக்கமும் தாள் துண்டு வைத்துக் கதவைச் சாத்தி ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். எல்லாத் தாளும் ஒரே பிடியில் நின்றன. மறுபடி அத்தையின் பவுடர். திறந்தபோது நாலு மீட்டருக்கும் அறாத வெள்ளைக் கோடு.

கதவு சாத்தும் சத்தமே மாறிவிட்டது. முன்பு தகர டப்பா. இப்போது ‘டொப்’. மாமா அதைக் கேட்கவே பத்து முறை திறந்து சாத்தினார். புது ஷாக் இரண்டும் போட்டாகிவிட்டது. மூங்கில் கழி கொடிக்கம்பிக்கே திரும்பிப் போய்விட்டது.

நான் மறுபடி உள்ளே படுத்தேன். அரை மணி நேரம் ஹோஸ், கூரை முதல் வால்வரை. சாக்பீஸுக்கு வேலையே இல்லை.

ஆனாலும் ஹோஸ் மழையாகாது என்று சொல்லி மாமா ஒப்புக்கொள்ளவில்லை. அன்றைய செய்தித்தாளை விரித்து ஸ்டெப்னிக் குழியில் போட்டு டிக்கியை மூடினார்; மழை பெய்யும்வரை யாரும் திறக்கக்கூடாது. வைகாசி பிறந்து ஒரு மத்தியானம் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. புழுதி வாசனை. மாமா காரைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்து, நட்ட நடு வாசலில் நிறுத்திவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் இடியும் மின்னலுமாகக் கொட்டியது. விட்டதும் அண்ணனுக்கு போன் போட்டு, அவர் லைனில் இருக்கும்போதே டிக்கியைத் தூக்கினோம்.

செய்தித்தாள் மொறமொறவென்று இருந்தது. மாமா அதை எடுத்து உதறி, டிக்கியின் ஓரத்தில் ஏறி உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.